முடிச்சில்லாத கட்டு

முதல் கேள்வியிலேயே இரண்டு பிழை. 'நோயாளி எந்த கையை வழக்கமாக பயன்படுத்துவார்?' என்று அச்சாகியிருந்தது. தாயுமானவன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு 'க்', ஒரு 'ப்' என்று ஓரத்தில் குறித்து, கோடு இழுத்து உரிய இடங்களில் சேர்த்தார். கையெழுத்து அச்சுப் போல விழுந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் அது மட்டும் தேயவில்லை. திருத்தி முடித்த பிறகுதான் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்பது உறைத்தது. முப்பத்தாறு வருஷம் மெய்ப்புத் திருத்தியவனைப் பிடிக்கிற வியாதி இது; சொந்தச் சாவு அறிவிப்பைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். கேள்விக்குக் கீழே இரண்டு கட்டம். வலது, இடது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஒரு பேனாக் கீற்று போதும், அரை வினாடி வேலை. அவர் பேனாவை மூடி, மணி பார்த்தார். இரண்டு பத்து. ஜெனிட்டா நாலு மணிக்கு வந்து தாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். உறையூர்த் தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டொக்கென்றது. அந்த டொக்கையும் திருத்த முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அப்படி நினைப்பதன் மூலம் கட்டிலைப் பார்ப்பதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

கட்டிலில் குழலி. முழுப்பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டைச் சாமி தாயுமானவர், அம்மன் மட்டுவார்குழலி. பெயரே பொருந்திவிட்டதே, இனி ஜாதகம் எதற்கு என்று இரண்டு வீட்டிலும் சிரித்துப் பேசிச் செய்துவைத்த கல்யாணம். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏழு வாரத்துக்கு முன் ஒரு காலை, தோசைத் திருப்பி அவள் வலது கையிலிருந்து நழுவியது; குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. மூக்கு வழியாக வயிறு வரை ஒரு குழாய். கஞ்சி, மருந்து, தண்ணீர் எல்லாம் அதில்தான். மிச்சம் இருந்தது இடது கை. அது சும்மா இருக்கவில்லை, குழாயைப் பிடித்து இழுத்தது. 'தூங்குறப்ப அந்தக் கையைக் கட்டிடுங்க, வேற வழியில்ல' என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். போன வாரம் ஒரு மத்தியானம் அவள் பார்த்த பார்வையில் கட்டாமல் விட்டார். பத்து நிமிஷத்தில் குழாய் தரையில் கிடந்தது, மூக்கிலிருந்து ரத்தம். ஆட்டோ, அவசரப் பிரிவு, மறுபடி குழாய், டாக்டரின் குரல்: 'பெரியவரே, இன்னொரு தடவை இழுத்து, கஞ்சி நுரையீரலுக்குப் போச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க.' ஆகவே இன்று ஒன்றே முக்காலுக்குக் கஞ்சி ஊற்றி, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, இடது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டியது மருந்துத்துணி. வீட்டில் அது தீர்ந்துபோனதும் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தது வெள்ளை நாடா. அந்த உருண்டை இன்னும் பாதி இருந்தது. நல்ல நாடா. அந்தக் காலத்துச் சரக்கு.

காலையில் பயிற்சி முடித்துப் போகும்போதுதான் ஜெனிட்டா தாளைக் கொடுத்தாள். பிசியோதெரபிப் பெண், இருபத்து நாலு வயதிருக்கும், ஸ்கூட்டி ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாதி வேலையைச் செய்துவிடுவாள். 'ஒண்ணுமில்ல அங்கிள், என் எம்.பி.டி. ப்ராஜெக்ட். கைப் பழக்கத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்கறோம். நூறு பேர் வேணும். ஆன்ட்டி தொண்ணூத்தெட்டு.' 'இருக்கா?' என்று கேட்டார். 'எது?' 'சம்பந்தம்.' 'அதத்தானே அங்கிள் பாக்கறோம். இருக்குங்கறாங்க, இல்லேங்கறாங்க. நீங்க தயவுசெஞ்சு திருத்தாம நிரப்பிக் குடுங்க, போதும். போன தடவை உடற்பயிற்சித் தாளுக்கே மார்க் போட்டுக் குடுத்தீங்க.' வாசற்படி வரை போனவள் திரும்பினாள். 'ஆஸ்பத்திரிப் பேப்பர்ல வலது கைன்னு போட்டிருக்கு. ஆனா ஆன்ட்டி பென்சில் பிடிக்கறது புதுசா பிடிக்கற மாதிரியே இல்ல. எழுதறது என்னமோ கிறுக்கல்தான், பிடி மட்டும் அப்பிடியே உக்காருது. சின்ன வயசுல நொட்டாங்கையா?' 'தெரியலியேம்மா.' 'அவங்க வீட்ல யாராச்சும் இருந்தா கேளுங்க அங்கிள். இடது கைக்காரங்க சிலருக்கு மூளையில பேச்சு வேற மாதிரி அமைஞ்சிருக்கும். எல்லாருக்கும் இல்ல. ஆனா தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லி, பேச்சுப் பயிற்சிய மாத்திப் போட்டுப் பாக்கலாம். நாளாக ஆக பிரயோஜனம் கொறஞ்சிடும்.' தெரியலியேம்மா. அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் அப்படித்தான், யோசிக்கவே இல்லை, வலது என்றார். பொய் என்றுகூடத் தோன்றவில்லை. முப்பத்தொன்பது வருஷமாக அவள் வலது கையால் பரிமாறினாள், வலது கையால் கோலம் போட்டாள், மளிகைப் பட்டியல் எழுதினாள். திருத்திய பிரதியில் பழைய பிழை இருக்காது. இருக்கக் கூடாது. அதற்குத்தானே திருத்துவது.

இரண்டாவது கேள்வி: 'கடந்த ஒரு மாதத்தில் தூக்கத் தரம் எப்படி இருந்தது? (0 முதல் 10 வரை)'. தரம். அரிசிக்குத் தரம் உண்டு, காகிதத்துக்கு உண்டு. தூக்கத்தைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்க முடியுமா? எந்தத் தூக்கத்தின் தரம், யாருடைய தூக்கம்? அவருடையது என்றால் முப்பத்தொன்பது வருஷத்துக்கும் பத்து போடலாம். தலையணையில் தலை பட்டதும் போய்விடுவார். அச்சகத்தில் இரவு வேலை இருந்த காலத்திலும் நின்றுகொண்டே தூங்குவார் என்று கேலி உண்டு. எப்போதாவது இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால், பக்கத்தில் அவள் கண் திறந்திருக்கும். 'என்ன, தூங்கலியா?' 'தூங்கினேனே, இப்பதான் முழிச்சேன்.' எல்லா இரவிலும் இப்போதுதான் விழித்திருந்தாள். அதற்கு அவரிடம் காரணங்கள் நிறைய இருந்தன: சாயங்காலக் காபி, எதிர்வீட்டு நாய், பையனின் பரீட்சை, மாதவிடாய் நிற்கிற வயது. ஒவ்வொரு காரணமும் தீர்ந்தது, தூக்கம் வரவில்லை. மல்லாந்து படுத்திருப்பாள், இடது கையைத் தன் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு. குளிருக்கு இதமாக இருக்கும்போல என்று நினைத்தார். திருச்சியில். மே மாதத்தில்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் இரண்டு நாள், குழாய் போடுவதற்கு முன்னால், அவள் தூங்கினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட விட்டு, இடது கையைத் தலைக்கு மேல் விரித்துப்போட்டு, உள்ளங்கை கூரையைப் பார்க்க, குழந்தை தூங்குகிற மாதிரி. அது மயக்கம் என்றார்கள். இருக்கலாம். அவர் அந்தக் கையை அப்படி அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் குழாய் வந்தது, கட்டு வந்தது, அவள் கண் திறந்துகொண்டது. அன்றிலிருந்து அவரும் தூங்கவில்லை. வயதானதால் என்று மகனிடம் போனில் சொன்னார். ஹோசூரிலிருந்து மகன், 'ரெண்டு பேரும் தூங்காம இருந்தா எப்பிடிப்பா, ஆள் போடுங்க' என்றான். அவன் வலது கைக்காரன். பிறந்து ஆறு மாதத்தில் கிலுகிலுப்பைக்கு இடது கையை நீட்டினான். தாயுமானவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குழலிதான் எழுந்து போய், கிலுகிலுப்பையை வாங்கி, அவனுடைய இன்னொரு கையில் வைத்தாள். மறுபடி மாற்றினான், மறுபடி வைத்தாள். முகத்தில் எதுவுமே இல்லாமல், நாளெல்லாம். என்ன பொறுமை என்று அப்போது அவர் மெச்சினார்.

மணி இரண்டு ஐம்பது. மூன்றாவது கேள்வியை வாசிக்காமல் நாலாவதுக்குப் போனார், அதுவும் ஒரு தந்திரம்தான். நாலாவது: 'இடது கை பழக்கம் கட்டாயபடுத்தி மாற்றப்பட்டதா? ஆம் எனில் யாரால்? பெற்றோர் / ஆசிரியர் / பிறர்.' இதிலும் இரண்டு ஒற்று இல்லை. பேனா மூடியைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். அன்று அவருடைய பெரியப்பா இலையை மடிக்கவில்லை, அப்படியே எழுந்துவிட்டார். கல்யாணமான நாலாம் நாள், உறவெல்லாம் பந்தியில். புதுப்பெண் கையால் ஒரு கரண்டி பரிமாறட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவள் இடது கையில் கரண்டியைப் பிடித்து, சிரித்துக்கொண்டே, பெரியப்பா இலையில் பருப்பை விட்டாள். 'எங்க வீட்ல சாவு விழுந்தாக்கூட இந்தக் கையால யாரும் போட்டதில்ல' என்றார் பெரியப்பா, சத்தம் போடாமல். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அம்மா கரண்டியை அடுப்பில் வைக்கலாம் என்றாள். ஒரு தடவை சுட்டால் போதும், மறந்துவிடும் என்றாள். அது காட்டுமிராண்டித்தனம் என்று அவர்தான் எதிர்த்துப் பேசினார். 'அதெல்லாம் அந்தக் காலம்மா. மனுஷங்களைத் திருத்தறதுக்கு வேற வழி இருக்கு.' அவர் படித்தவர். பழக்கம் என்பது விழித்திருக்கும்போது வருவதல்ல, தூக்கத்தில் ஊறுவது, தூங்கும்போது ஒரு கை அசையாமல் இருந்தால் பகலில் அது பின்வாங்கிக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கே படித்தார் என்று இன்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகமில்லை. படிக்கவே இல்லையோ என்னவோ. மறுநாள் அச்சகத்தின் பைண்டிங் பகுதியிலிருந்து ஒரு உருண்டை நாடா வாங்கிவந்தார். மெத்தென்றிருக்கும், தோலை அறுக்காது. அதைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கட்டிய விதமும் அச்சகத்து விதம்தான். ஈய எழுத்துகளைக் கோத்து முடித்த பக்கத்தைச் சுற்றி, உதிராமலிருக்க, நாலைந்து சுற்று நூல் சுற்றி, முடிச்சே போடாமல், முனையை ஒரு மூலையில் செருகிவிடுவார்கள். தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஓர் எழுத்து விழாது. முனையைப் பிடித்து ஒரே இழு இழுத்தால் முழுதும் அவிழ்ந்துவிடும். அவள் மணிக்கட்டை அப்படித்தான் கட்டினார், இன்னொரு பக்கம் கட்டில் காலில். நூற்றெண்பது இரவு என்று கணக்கு வைத்திருந்தார். முதல் இரவு அவள் கேட்டாள்: 'இது எதுக்கு?' 'ஆறு மாசம். அப்பறம் பாரு, உனக்கே மறந்துடும்.' அதற்கப்புறம் தினமும் படுத்ததும் தானாகக் கையை நீட்டினாள். ஒரு நாள், மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்: 'கை தூங்கிடுதுங்க. நாந்தான் தூங்கல.' அவர் சிரித்தார். நல்ல வாக்கியம் என்று தோன்றியது. வெட்ட ஒரு சொல் இல்லை. சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார். முடிச்சு இல்லாத கட்டு. அவளுடைய வலது கை சும்மாதானே இருந்தது. எந்த இரவில் வேண்டுமானாலும் முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்திருக்கலாம், விடிகிறபோது திரும்பச் செருகிவைத்திருந்தால் அவருக்குத் தெரியக்கூடப் போவதில்லை. இழுக்கவில்லை. அதனால் அவளுக்குச் சம்மதம் என்று வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எப்போதாவது அந்த நாடா ஞாபகத்தில் வந்து இடித்தால், இந்த ஒரு சமாதானத்தைத்தான் எடுத்து முன்னால் போடுவார்: இழுக்கவில்லையே. முனை அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே இருந்தது. இப்போது எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, இழுக்கிற கை இல்லை. வலது கை போர்வைமேல் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன கையுறை மாதிரி. அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய கை.

டொக். அவள் தூங்குகிறாளா என்று பார்த்தார். இமை மூடியிருந்தது. மூச்சு சீராகப் போய்வந்தது. கட்டிய கையின் ஆள்காட்டி விரல் மட்டும் படுக்கை விரிப்பின்மேல் அசைந்தது. வலிப்பாக இருக்குமோ, அல்லது எறும்பா என்று எழுந்து கிட்டே போய்க் குனிந்தார். எறும்பு இல்லை. விரல் ஒரு வளைவு போட்டது, ஒரு கோடு இறக்கியது, இடது பக்கமாக நகர்ந்தது, மறுபடி வளைந்தது, நின்றது. பின் பழைய இடத்துக்கே திரும்பி, அதே வளைவு, அதே கோடு. விரிப்பில் அடையாளம் ஒன்றும் விழவில்லை. ஆனால் அந்த அசைவில் ஒரு ஒழுங்கு இருந்தது, அச்சு எந்திரத்துக்கு இருக்கிற மாதிரி. ஏனென்று தெரிவதற்கு முன்னாலேயே அவர் சுற்றிலும் தேடினார். தலையணை ஓரத்தில் ஜெனிட்டாவின் பயிற்சி நோட்டு கிடந்தது. அதை அவர் தினமும் பார்த்திருக்கிறார், அதாவது பார்த்துவிட்டுக் கிறுக்கல் என்று மூடியிருக்கிறார். இப்போது ஜன்னல் பக்கம் போய் விரித்தார். முதல் ஐந்து பக்கம் வட்டங்கள், கோணல் கோடுகள். ஆறாம் பக்கத்திலிருந்து வேறு. கோடு போட்ட தாளின் வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கம் போகிற ஏதோ ஒன்று. கீழ்வரியிலும் அதே ஒன்று. அதற்கும் கீழே. இருபத்து மூன்று வயதில் அச்சகத்தில் சேர்ந்தபோது ஃபோர்மேன் முதலில் சொல்லிக்கொடுத்தது தலைகீழாகவும் திரும்பியும் வாசிப்பது. ஈயத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பித்தான் இருக்கும். தாள் போட்டு எடுப்பதற்கு முன்னாலேயே, ஈயத்திலேயே அவர் பிழை பிடிப்பார். ஊரில் அப்படி வாசிக்கிறவர்கள் இன்று எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ, ஒருவர் இந்த ஜன்னலோரம் நிற்கிறார். திரும்பிய 'அ'. திரும்பிய 'வி'. மூன்றாவது எழுத்து நடுங்கி, வால் தேய்ந்து, ஆனாலும் 'ழ்'தான், தலையில் புள்ளி சரியாக விழுந்திருந்தது.

அவிழ். பக்கத்துக்குப் பதினைந்து, பதினாறு. அவிழ் அவிழ் அவிழ். பதினாலு பக்கம். ஒரு இடத்திலும் பிழையில்லை. அவர் தேடினார், பிழை தேடினார், ஒரே ஒரு பிழை இருந்தால் கிறுக்கல் என்று சொல்லிவிடலாம். இல்லை. ஏவல் வினைக்குக் காலம் கிடையாது, இலக்கணத்தில் அப்படித்தான். இன்றைக்கு அவிழ் என்கிறாளா? முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லித் தீர்க்கிறாளா? அல்லது கை விடுபட்டதும் குழாயைப் பிடுங்கிவிட்டு, கஞ்சியும் நுரையீரலுமாக, ஒரேயடியாக எல்லாவற்றையும் அவிழ் என்கிறாளா? யாரிடம் கேட்பது? கேட்டால் பதில் சொல்லுகிற வாய் இல்லை, எழுதுகிற கையை அவரே கட்டியிருக்கிறார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஜெனிட்டா அதில் பென்சிலைக் கொடுக்கிறாள், அந்த ஒரு மணி நேரத்தில் இவள் இந்த ஒரு சொல்லை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள், வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அந்த நோட்டை ஜெனிட்டாவிடம் காட்டினால் குதிப்பாள். ஆன்ட்டிக்குச் சொல் இருக்கு அங்கிள், எழுத வருது அங்கிள் என்பாள். அடுத்த மூச்சில் கேட்பாள்: எதை அவிழ்க்கச் சொல்றாங்க? நோட்டைக் கிழித்துப்போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கிறுக்கல்தானே. நாளாக ஆக அதுவும் நின்றுவிடும். இந்த எண்ணம் அவருக்கு வந்தது. வந்து, உட்கார்ந்து, கால் நீட்டிக்கொள்ள இடமும் பார்த்தது. ஒரு விரலும் கட்டைவிரலும் தாளின் ஓரத்தைப் பிடித்தும்விட்டன. தன் கையைத்தான் பார்த்தார், வலது கை, பிழையே செய்யாத கை.

நோட்டை மேஜைமேல் விரித்தபடி வைத்தார். தாளை எடுத்து, முதல் கேள்விக்கு 'இடது' என்ற கட்டத்தில் கீற்றுப் போட்டார். அரை வினாடிதான் ஆயிற்று. இரண்டாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டார். ஒரு மாதத்துக்குத்தான் கேட்டிருந்தார்கள். 'முப்பத்தொன்பது வருடம்' என்று பக்கத்தில் எழுதினார். நாலாவதில் பெற்றோர் இல்லை, ஆசிரியர் இல்லை. பிறர். தான் பிறராக இருப்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது, கொஞ்சம் சௌகரியமாகவும். பிறர் என்றால் யாராகவும் இருக்கலாம். சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டு, மேலே 'கணவர்' என்று எழுதினார். கையெழுத்து முதல் தடவையாகக் கோணிக்கொண்டு போயிற்று. விட்டுப்போன ஒற்றுகளைப் போடவில்லை.

மூன்று ஐம்பது. கட்டிலருகே போய் நாடாவின் முனையைத் தேடினார். கண் திறந்து அவள் பார்த்தாள். தூங்கியே இருக்கவில்லை. 'குழலி, அவுக்கறேன். குழாயத் தொடாத. தொட்டா…' முனையைப் பிடித்து ஒரு இழு. சுற்றுகள் எல்லாம் ஒன்றாகக் கழன்று கம்பியில் தொங்கின. மணிக்கட்டில் வரிவரியாகப் பள்ளம். கை கொஞ்ச நேரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது, விடுபட்டது தனக்குத் தெரியாத மாதிரி. பிறகு எழும்பியது. மெதுவாக மார்புக்கு மேல் வந்தது, கழுத்துக்கு, மூக்கின்கீழ் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்கு. பிடிக்கலாம். இப்போது பிடித்தால் குழாய் தப்பும். அவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். விரல்கள் குழாயைத் தொட்டன. நின்றன. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையை முன்னும் பின்னுமாக, திருப்பியும் தலைகீழாகவும் வாசித்துப் பார்த்தார், ஒரு எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. விரல்கள் குழாயை விட்டன. கை இறங்கியது. மார்பு, வயிறு, இடுப்பு என்று அதற்கு ரொம்ப நாளாகத் தெரிந்த வழியில் இறங்கி, இடது தொடைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது, முடிச்சே இல்லாமல், முனைகூட வெளியே தெரியாமல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது அவருக்கு இப்போது தெரிந்தது.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. ஹெல்மெட்டோடு உள்ளே வந்த ஜெனிட்டா தாளை வாங்கிச் சிவப்பு மையைக் கண்டதும், 'அங்கிள், திருத்தாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்ல' என்று சிரித்தாள். பிறகு கம்பியில் தொங்கிய நாடாவைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. 'ஐயோ, தூங்கறாங்களே! கையக் கட்டலையா?'

'கட்டித்தாம்மா இருக்கு' என்றார் தாயுமானவன்.